‘தேவையான நடவடிக்கைக்காக’: உறுப்பினர் கடிதங்களுக்கு மலையக அலுவலகங்கள் பதில் தரும் அழகு

அரசாங்கக் கடிதத்தின் தலையில் மூன்று வரி இருக்கும்: எனது இல., உமது இல., திகதி. ஒரு எம்.பி.க்கோ பிரதேச சபை உறுப்பினருக்கோ திணைக்களத்திலிருந்து பதில் வந்தால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்கு முன் இந்த மூன்று வரியைப் பார்க்க வேண்டும். ‘எனது இல.’ நிரப்பியிருந்தால் விடயம் ஒரு கோவைக்குள் (ஃபைலுக்குள்) போய்ச் சேர்ந்திருக்கிறது, நாளைக்குத் தேடினாலும் கிடைக்கும். அது வெறுமையாக இருந்தால், யாரோ பழைய மாதிரிக் கடிதம் ஒன்றை எடுத்துத் திகதியை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். ‘உமது இல.’ வெறுமையாக இருந்தால் பிழை நம்முடையது. உறுப்பினரின் காரியாலயம் தன் கடிதத்துக்கு இலக்கமே போடாமல் அனுப்பியிருக்கிறது.

இலங்கை மலையகத்தின் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மக்கள் பிரதிநிதி ஒருவர் எழுதும் கடிதத்துக்கும் கேட்கும் கேள்விக்கும் அரச அலுவலகங்கள் கொடுக்கும் பதிலை ஒரு சேவையாக எடுத்து எடைபோடுவதே இங்கே நோக்கம். 2025 மே 6ஆம் திகதித் தேர்தலில் சபைகளுக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், அவர்களுக்குக் கடிதம் தட்டெழுதிக் கொடுப்பவர்களுக்கும், தொழிற்சங்கக் காரியாலயத்தில் மனு எழுதும் மாவட்டப் பிரதிநிதிகளுக்கும் இது உதவக்கூடும்.

வரும் பதில்கள் மூன்று ரகம். முதலாவது, ‘தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது’ என்ற ஒற்றை வரி. இரண்டாவது, வேறோர் அதிகாரிக்கு எழுதிய கடிதத்தின் பிரதி. அடியில் ‘பிரதி: கௌரவ பாராளுமன்ற உறுப்பினர் – தகவலுக்காக’ என்றிருக்கும். மூன்றாவது, கேட்டதற்கு விடை. அதிகம் வருவது இரண்டாவதுதான். கையில் முத்திரையும் கையொப்பமும் உள்ள ஒரு தாள் இருப்பதால் மனுக்காரருக்கும் ஒரு திருப்தி, உறுப்பினருக்கும் ஒரு திருப்தி. அலுவலகமும் அதைப் பதில் என்றே கணக்கில் வைக்கிறது. ‘தேவையான நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது’ என்று எழுதி முடித்ததும் விடயம் அந்த மேசையை விட்டு இறங்கிவிடும். அடுத்த மேசையில் ஏறியதா என்று எவரும் பார்ப்பதில்லை. அதே கடிதத்தில் ‘இன்ன திகதிக்கு முன் எனக்கு அறிக்கை சமர்ப்பிக்கவும்’ என்ற ஒரு வரி கூடுதலாக இருந்தால் மட்டும் அதை வேறு கண்ணோடு பார்க்கலாம். அந்த வரி இல்லாத பிரதிக்கு நாம் மதிப்பெண் கொடுப்பதில்லை. அது வெறும் தபால் வேலை.

கடிதம் எங்கே தேங்குகிறது என்று தெரிந்தால் பாதி வழக்கு முடிந்தது. பிரதேச செயலகத்தில் தபால் பதிவேட்டில் பதிவாகி, பிரதேச செயலாளரின் மேசைக்குப் போய், ஓரத்தில் ஒரு குறிப்போடு இறங்கி, கடைசியில் விடயத்துக்குப் பொறுப்பான முகாமைத்துவ சேவை உத்தியோகத்தரிடம் வரும். சனம் இன்றைக்கும் ‘கிளாக்’ என்றுதான் சொல்கிறது. அந்தக் கிளாக்கிடம் காணியோ, சமூக சேவையோ, அனர்த்த முகாமைத்துவமோ ஏதாவது ஒரு விடயம்தான் இருக்கும். நம்முடைய கடிதங்களோ கல்யாண விருந்து இலை மாதிரி. பாதை உடைந்தது, லயத்துக் (தோட்டத்து வரிசை வீட்டுக்) கூரை ஒழுகுகிறது, மூன்று பேருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்கவில்லை என்று எல்லாமே ஒரே தாளில். கடிதம் முதலாவது விடயத்துக்குரிய மேசைக்குப் போகும். மற்ற மூன்றும் அந்தக் கிளாக்கின் வேலையில்லை என்பதால், வரும் பதில் பாதையைப் பற்றி மட்டுமே பேசும். நாலு விடயம் என்றால் நாலு கடிதம், நாலு இலக்கம், ஒரே நாளில். முன்பு ஏதாவது பதில் வந்திருந்தால் அதிலுள்ள ‘எனது இல.’ தலைப்புக்குக் கீழேயே வரவேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் போனால் பழைய கோவை அலுமாரியில் தூங்க, புதுக்கோவை ஒன்று பிறக்கும். எல்லா அறிக்கையும் மறுபடி முதலிலிருந்து.

பெரிய இடத்துக்கு எழுதினால் விரைவாக நடக்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போனது. அமைச்சருக்கு எழுதிய கடிதம் அவருடைய பிரத்தியேகச் செயலாளரிடமிருந்து அமைச்சின் செயலாளருக்கும், அங்கிருந்து மாவட்டச் செயலாளருக்கும், கச்சேரி எனப்படும் அவருடைய செயலகத்திலிருந்து பிரதேச செயலகத்துக்கும் வந்து, அதே கிளாக்கின் மேசையில்தான் இறங்கும், ‘அறிக்கை தருக’ என்ற குறிப்போடு. அந்த அறிக்கை வந்த வழியே மேலே ஏறி, அமைச்சிலிருந்து உறுப்பினருக்கு வரும்போது கிராம உத்தியோகத்தர் எழுதிய இரண்டு பக்கம் இரண்டு வரியாகியிருக்கும். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். கோவை யாரிடம் இருக்கிறதோ அவருக்கு நேரடியாக எழுதி, மேலதிகாரிக்குப் பிரதி போடுவதே நடைமுறையில் பலன் தருகிறது. கீழே உள்ளவர் மேலே பிரதி போனதைப் பார்ப்பார். மேலே உள்ளவர் அறிக்கை கேட்கவும் இடமுண்டு.

மலையகத்துக்கே உரிய ஒரு ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலும் ஊவா மாகாண சபையின் காலம் 2019 ஒக்டோபரிலும் முடிந்த பிறகு மாகாண சபைத் தேர்தலே நடக்கவில்லை. ஆனால் தோட்டப் பாடசாலைகளில் பெரும்பகுதி, கிராமிய வைத்தியசாலைகள், மாகாணப் பாதைகள் எல்லாம் மாகாணத் திணைக்களங்களிடமே உள்ளன. மாகாண அமைச்சரிடம் எழுந்து கேள்வி கேட்க மாகாண சபை உறுப்பினர் இல்லை. எம்.பி. எழுதினால் ‘இது மாகாணத்துக்குரிய விடயம்’ என்று கொழும்பு அமைச்சு தள்ளிவிடுவது சட்டப்படி சரியான பதில்தான், ஆனால் யாருக்கும் பிரயோசனமில்லாத பதில். இப்படிப்பட்டவற்றை மாகாணப் பிரதம செயலாளருக்கு எழுதி, ஆளுநரின் செயலாளருக்குப் பிரதி அனுப்புங்கள். ஆசிரியர் வெற்றிடம் என்றால் வலயக் கல்விப் பணிப்பாளருக்குத்தான் முதலில். பாடம், மொழிமூலம், அனுமதிக்கப்பட்ட ஆளணி, இப்போது உள்ளவர்கள் என்ற நான்கும் கடிதத்தில் இருக்கட்டும். ‘ஆசிரியர் பற்றாக்குறை நிலவுகிறது’ என்று எழுதினால் ‘கவனத்தில் கொள்ளப்படும்’ என்றே எழுதுவார்கள். அவர்களைக் குறைசொல்லவும் முடியாது.

இனி அலுவலகங்கள். பிரதேச செயலகங்களின் பதில் சேவைக்கு ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். நுவரெலியா மாவட்டத்தில் நீண்ட காலம் ஐந்தே பிரதேச செயலகப் பிரிவுகள் இருந்தன. தலவாக்கலை, நோர்வூட் போன்ற புதிய பிரிவுகள் வந்த பிறகு தூரம் குறைந்திருக்கிறது, ஆனால் பழைய கோவைகள் எந்தக் கட்டடத்தில் என்பதைக் கேட்டு உறுதிப்படுத்திய பின் எழுதுவது நல்லது. இங்கே கடிதமே பலிக்காத விடயங்களும் உண்டு. அஸ்வெசும அதில் முதலாவது. 2023 ஜூலையில் தொடங்கிய அந்தத் திட்டம் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போட்டுத் தெரிவு செய்கிறது. உறுப்பினரின் சிபாரிசுக்கு அதில் கட்டமே கிடையாது. மேன்முறையீட்டு இலக்கம் இல்லாமல் எழுதும் கடிதத்துக்கு அச்சடித்த பதில் வரும், இலக்கத்தோடு எழுதினால் அந்த மேன்முறையீடு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வார்கள். அடையாள அட்டையும் இப்படித்தான். கிராம உத்தியோகத்தரோ தோட்ட அத்தியட்சகரோ அத்தாட்சிப்படுத்த வேண்டிய படிவத்துக்கு எம்.பி.யின் கடிதத்தை ஒட்டி அனுப்புவதால் ஒரு நாளும் மிச்சமாகாது.

பாதை விடயத்தில் பதில் பிழைப்பதற்கு ஒரே காரணம், பாதை யாருடையது என்று பார்க்காமல் எழுதுவது. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா வரும் ஏ7, பேராதனையிலிருந்து நுவரெலியா, பதுளை வழியாகப் போகும் ஏ5 போன்ற ‘ஏ’, ‘பி’ தரப் பாதைகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. ‘சி’, ‘டி’ தரம் மாகாணத்துக்கு. அதற்குக் கீழே பிரதேச சபைப் பாதை, அதற்கும் உள்ளே தோட்டப் பாதை. பிரதான பாதையில் இறங்கித் தேயிலை மலைக்குள் நடக்கும் மூன்று கிலோமீற்றரில் மூன்று உரிமையாளர்கள் இருக்கலாம். கிலோமீற்றர் கல் இலக்கத்தையும், எந்தச் சந்தியிலிருந்து எந்தச் சந்தி வரை என்பதையும் எழுதினால் ‘எமக்குரியதல்ல’ என்ற பதிலாவது சீக்கிரம் வரும். அதுவும் ஒரு பதில்தான். எழுத்தில் வாங்கி வைத்தால் அடுத்த அலுவலகம் அதே சாட்டைச் சொல்ல முடியாது. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்படும் வரை தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிடச் சட்டமே குறுக்கே நின்றது. இன்றும் ஏதாவது ஒரு செயலாளர் அந்தப் பழைய காரணத்தை எழுதினால், திருத்தத்தைச் சுட்டி மறுகடிதம் போடலாம்.

காணியும் வீடும்தான் மிக மோசமான பதில்கள் வரும் பகுதி. இதில் அதிகாரிகளின் சோம்பலைவிட, அமைப்பின் சிக்கலே பெரிது. 1992இல் பெருந்தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளுக்குப் போனது, காணியின் உரித்து அரசின் பக்கமே நின்றது. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் போன்றவை நேரடியாக நடத்தும் தோட்டங்களும் உண்டு. ஒரு லயத்துக்குப் பதிலாக ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடு கட்டவேண்டுமென்றால் கம்பனியின் இணக்கம், பெருந்தோட்ட அமைச்சு, அளவையாளர், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை, பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் அல்லது 2018ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை என்று ஆளுக்கொரு துண்டு. பிரதேச செயலாளருக்கு எழுதினால் ‘காணி தோட்ட நிருவாகத்துக்குரியது’ என்பார். துரைக்கு, அதாவது தோட்ட அத்தியட்சகருக்கு, எழுதினால் தலைமைக் காரியாலயத்தைக் காட்டுவார். கம்பனியோ அமைச்சின் அனுமதி வரவில்லை என்னும். ஒவ்வொரு பதிலும் தனியே எடுத்தால் உண்மை. சேர்த்து வைத்தால் ஒரு வட்டம்.

இந்த வட்டத்தை உடைக்கும் கடிதம் ‘வீடு கட்டித் தரவும்’ என்று கேட்காது. இன்ன தோட்டம், இன்ன பிரிவு, இன்ன காணித்துண்டு. அதை விடுவிப்பதற்கான கோரிக்கை உங்கள் அலுவலகத்துக்கு எந்தத் திகதியில் கிடைத்தது, எந்த இலக்கத்தோடு, எந்த அலுவலகத்துக்கு எந்தத் திகதியில் அனுப்பினீர்கள் என்று மட்டும் கேட்கும். இந்தக் கேள்விக்குக் கொள்கை விளக்கம் எழுதித் தப்ப முடியாது. திகதி இருக்கிறது அல்லது இல்லை. அதே கேள்வியை ஐந்து அலுவலகத்துக்கும் ஒரே நாளில் அனுப்பி, வரும் திகதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினால் எந்த மேசையில் எத்தனை மாதம் என்பது தானாகத் தெரியும். மண்சரிவு அறிக்கை விடயத்தில் இன்னொன்று கவனிக்க வேண்டும். அறிக்கை பிரதேச செயலகத்துக்கோ அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கோதான் போகும், குடும்பத்துக்கு வராது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்த பிறகு இது இன்னும் முக்கியமாகிவிட்டது. ‘அறிக்கை கிடைக்கவில்லை’ என்று ஆராய்ச்சி நிறுவனத்துக்கு எழுதுவதைவிட, ‘எமது லயத்துக்கான அறிக்கையின் பிரதியைத் தருக’ என்று பிரதேச செயலாளருக்கு எழுதுவது பொருத்தம்.

தொழில் திணைக்களத்தின் பதில்கள் ஒப்பீட்டளவில் நன்று, ஐந்துக்கு மூன்றரை. காரணம் எளிது: அங்கே எல்லாம் இலக்கத்தில் ஓடுகிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) தொழிலாளி 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் மட்டும் 3 வீதம். அங்கத்துவ இலக்கம், தொழில்தருநர் இலக்கம், கட்டாத மாதங்கள், கையிலுள்ள சம்பளத் துண்டின் பிரதி ஆகியவற்றை இணைத்தால் விசாரணைக்குத் திகதி குறித்துப் பதில் வரும். ‘எமது தோட்டத்தில் பலருக்கு ஈ.பி.எஃப். கட்டப்படவில்லை’ என்ற கடிதத்துக்கு ஒரு தொழில் உத்தியோகத்தர் என்னதான் செய்ய முடியும்? பெயர்ப்பட்டியல் கேட்டுத் திருப்பி எழுதுவார். அதற்குள் கையெழுத்து வைத்தவர்களில் இருவர் ஓய்வு பெற்றுக் கொழும்புக்குப் போயிருப்பார்கள்.

மொழிக்கு வருவோம். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இல் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆம் திருத்தத்துக்குப் பிறகு 22ஆம் உறுப்புரையின்படி, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் ஒருவர் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உரித்துண்டு. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகவும் பிரகடனப்படுத்தப்பட்டுள்ளன. ஆகவே தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் சேவை குறைபாடுடையது. உள்ளே இருக்கும் விடை எவ்வளவு நல்லதாயினும். நடைமுறையில் நடப்பது இது: தமிழ்க் கடிதம் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே உத்தியோகத்தருக்காகக் காத்திருக்கிறது, அவர் பிரசவ விடுமுறையில் போனால் கடிதமும் விடுமுறையில் போகிறது. இதைத் தெரிந்த சில காரியாலயங்கள் சிங்களத்தில் மட்டும் எழுதத் தொடங்கிவிட்டன. விரைவு கிடைக்கும், ஆனால் பதில் சிங்களத்தில் வந்தால் கேட்க வாயில்லாமல் போகும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. மூலக்கடிதத்தைத் தமிழிலேயே எழுதி ஒப்பமிடுங்கள். பின்னால் ஒரு பக்கத்தில் சிங்களச் சுருக்கத்தை ‘வாசிப்பு உதவிக்கு மட்டும், ஒப்பமிட்ட மூலம் தமிழ்க் கடிதமே’ என்ற குறிப்போடு இணையுங்கள். கடிதத்தின் கடைசி வரியில் பதிலைத் தமிழில் தருமாறு கேளுங்கள். கிளாக் சுருக்கத்தைப் பார்த்து வேலையைத் தொடங்குவார், உரிமையும் கைவிட்டுப் போகாது. அப்படியும் சிங்களத்தில் வந்தால், அதே இலக்கத்தைக் குறிப்பிட்டுத் தமிழ்ப் பிரதி கேட்டு ஒரு கடிதம். அதற்கும் அசையாவிட்டால் 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு, இரண்டு கடிதத்தின் பிரதியையும் வைத்து.

மொழிச்சிக்கலின் சின்னத் தம்பி பெயர்ச்சிக்கல். ஒரே தோட்டத்துக்குச் சனம் கூப்பிடும் தமிழ்ப் பெயர் ஒன்று, கம்பனிப் பதிவில் வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று, கிராம உத்தியோகத்தர் பிரிவுக்குச் சிங்களப் பெயர் ஒன்று. தோட்டத்துப் பிரிவுகளை மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று நாம் சொல்வதை எந்த வரைபடத்திலும் பார்க்க முடியாது. மூன்று பெயரையும் கிராம உத்தியோகத்தர் பிரிவு இலக்கத்தையும் ஒரே வரியில் எழுதாவிட்டால், ‘அப்படி ஒரு இடம் எமது பிரிவில் இல்லை’ என்ற பதில் வரலாம். அதில் கபடம் எதுவும் இருக்காது.

பாராளுமன்றக் கேள்வி இந்தச் சேவையின் விலையுயர்ந்த ரகம். கடிதத்துக்கு இல்லாத இரண்டு பலம் அதற்குண்டு: விடை பாராளுமன்ற நடவடிக்கைப் பதிவான ஹன்சாட்டில் அச்சாகிறது, அந்த விடைக்கு ஓர் அமைச்சர் பொறுப்பாகிறார். கேள்வி போனதும் அமைச்சு திணைக்களத்திடமும், திணைக்களம் மாவட்டத்திடமும், மாவட்டம் பிரதேச செயலகத்திடமும் தரவு கேட்கும். பாராளுமன்றக் கேள்வி என்ற தலைப்பைப் பார்த்தால் பிரதேச செயலகத்தில் மற்ற வேலைகளை ஒதுக்கி வைப்பார்கள். குறை என்னவென்றால் காலம். நிகழ்ச்சி நிரலில் கேள்வி வந்த நாளில் அமைச்சர் எழுந்து மேலும் சில வாரம் அவகாசம் கேட்பது சாதாரணம். அந்த நேரத்தில் கேள்வி கேட்ட உறுப்பினர் சபையில் இல்லாவிட்டாலும் வாய்ப்புப் போய்விடும்.

கேள்வியின் வடிவம் பழக்கத்தில் உறைந்து போன ஒன்று. (அ) என்று தொடங்கி, உரோம இலக்கத்தில் உட்பிரிவுகள் போட்டு, ‘என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?’ என்று வந்து, கடைசியில் ‘இன்றேல், ஏன்?’ என்று முடியும். பலர் இந்தக் கடைசி வரியைத் தும்பிக்கை என்று நினைக்கிறார்கள், அது வால். மேலே உள்ள உட்பிரிவு எதற்கும் ஒரு வார்த்தை விடை கொடுத்துவிட்டால் ‘எழவில்லை’ என்று ஒரே சொல்லில் அதை வெட்டிவிடலாம். ‘தோட்ட மக்களின் வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்க நடவடிக்கை எடுக்கப்படுமா? இன்றேல், ஏன்?’ என்றால் விடை: ‘ஆம். எழவில்லை.’ சட்டப்படி பூரணமான விடை. பதிலாக, இன்ன பிரதேச செயலகப் பிரிவில் இன்ன ஆண்டில் தொடங்கிய வீடுகள் எத்தனை, அவற்றில் முடிந்தவை எத்தனை, காணி உறுதி வழங்கப்பட்டவை எத்தனை, முடியாதவை ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன என்று தனித்தனி உட்பிரிவாகக் கேட்டால், இலக்கம் போடாமல் விடை எழுத முடியாது. ஒரு மாவட்டத்தைத் தாண்டாமலும் மூன்று ஆண்டுக்கு மேல் போகாமலும் கேட்பது புத்திசாலித்தனம். நாடு முழுவதற்கும் இருபது ஆண்டுத் தரவு கேட்டால் அவகாசம் கேட்க நாமே காரணம் எழுதிக் கொடுத்தது போலாகும். விடை நீண்ட அட்டவணையாக இருந்தால் அமைச்சர் வாசிக்காமல் சபாபீடத்தில் சமர்ப்பிப்பார். அப்போது மேலதிக வினாவுக்காக முன்கூட்டியே ஒரு குறுங்கேள்வியைத் தயாராக வைத்திருப்பது எம்.பி.யின் காரியாலயத்து வேலை. பலர் அந்த நிமிடத்தைப் பேச்சுக்குச் செலவழித்துவிடுகிறார்கள். ஊரில் முகநூலுக்கு நல்லது, கோவைக்கு ஒன்றும் சேராது.

தனிமனிதர் ஒருவரின் நீண்டகால அநீதி என்றால் கேள்வியைவிடப் பொது மனுக்கள் பற்றிய குழுவே பொருத்தம். மனுவை எந்த எம்.பி.யும் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கலாம். தொகுதிக்காரராகவோ ஆளுங்கட்சிக்காரராகவோ இருக்கத் தேவையில்லை. குழு திணைக்களத்தை அழைத்து விளக்கம் கேட்கலாம். அது மெதுவாக நகரும், ஆனால் கோவையோடு வந்து உட்காரும் அதிகாரியிடம் ‘உரிய அலுவலகத்துக்கு அனுப்பியுள்ளோம்’ என்ற விடை நெடுநேரம் நிற்காது.

பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவும் ஒரே மேசையில் எல்லாத் திணைக்களத்தையும் உட்கார வைப்பதால் காணி வட்டத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. துரையின் பிரதிநிதியும் பிரதேச செயலாளரும் எதிரெதிரே இருக்கும்போது ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவது கஷ்டம். ஆனால் கூட்டத்தில் சொன்ன ‘செய்கிறோம்’ கூட்டறிக்கையில் வந்தால்தான் உண்டு. கூட்டறிக்கை வந்ததும் முடிவு, பொறுப்பான அலுவலகம், காலக்கெடு மூன்றும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, விடுபட்டிருந்தால் அடுத்த கூட்டத்தில் உறுதிப்படுத்தும் முன்பே எழுத்தில் திருத்தம் கேட்க வேண்டும். பிரதேச சபை உறுப்பினர்களுக்கும் இதே கணக்கு. தனி உறுப்பினரின் கடிதத்தைவிட, சபையின் மாதாந்தக் கூட்டத்தில் நிறைவேறிய பிரேரணையைக் கூட்டறிக்கைப் பகுதியோடு செயலாளர் அனுப்பும்போது திணைக்களம் எழுதும் பதிலின் தொனியே மாறுகிறது. எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கு இது கூடுதல் லாபம்: கடிதம் சபையின் பெயரில் போகிறது.

கடைசியாக, உறுப்பினரே தேவைப்படாத போட்டிச் சேவை ஒன்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். தருவதாகத் தீர்மானித்தால் அதன் பிறகு 14 நாட்களுக்குள் தகவல், அவசியமென்றால் 21 நாட்களுக்கு மேற்படாத நீடிப்பு. மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அங்கும் கிடைக்காவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. உறுப்பினரின் கடிதத்துக்கு இத்தனை நாளில் பதில் தந்தே ஆகவேண்டும் என்று இவ்வளவு கறாரான கணக்கு கிடையாது. ஆகவே சபை உறுப்பினர்களும் எம்.பி.க்களும் தங்கள் பதவியை ஒருபக்கம் வைத்துவிட்டுப் பிரஜை என்ற முறையில் இந்தப் படிவத்தை நிரப்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேட்கத் தெரிய வேண்டும் என்பது மட்டும் இங்கும் உண்டு. ‘எனது கடிதத்துக்கு ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்பது தகவல் கோரிக்கை அல்ல, வாக்குவாதம். ‘இன்ன திகதிய, இன்ன இலக்கக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து அதனோடு தொடர்பான கோவையில் உள்ள குறிப்புகள், அனுப்பிய கடிதங்கள், பெற்ற அறிக்கைகள் ஆகியவற்றின் பிரதிகள்’ என்று கேட்டால் கோவை வெளியே வரும். தேவையான நடவடிக்கைக்காக அனுப்பிய கடிதம் எந்த மேசையில், எந்த ஓரக்குறிப்போடு நின்றுபோனது என்று அதில் பார்க்கலாம். விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தால் அந்த இடத்திலேயே எழுத்துமூல ஒப்புகை வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபால், பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியின் பின்னால் ஒட்டி வையுங்கள்.

எந்த வழியில் கேட்டாலும், மனுக்காரரின் விலாசத்தை மட்டும் தோட்டத்துக்குப் போடாதீர்கள். லயத்துக்குத் தனி விலாசம் இல்லாத இடங்களில் தபால் தோட்டக் காரியாலயத்துக்குத்தான் வரும். துரைக்கு எதிரான முறைப்பாட்டின் பதில் துரையின் மேசை வழியாக வந்து சேரும் விநோதம் அப்படித்தான் நடக்கிறது. டவுனில் உள்ள உறவுக்காரர் கடை, பாடசாலை, கோயில் பரிபாலன சபை, இவற்றில் ஏதாவது ஒன்றின் மேற்பார்வை (c/o) விலாசத்தையும், ரீலோட் தீர்ந்தாலும் அழைப்பு வரக்கூடிய ஒரு கைபேசி இலக்கத்தையும் எழுதுங்கள்.